"பிரயாரிட்டி" என்று மட்டும் சொன்ன விமானம்

1990 ஜனவரி 25. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவிலிருந்து கிளம்பி, மெடலினில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது ஏவியாங்கா 52. போயிங் 707 ரகம். உள்ளே 158 பேர்.

அன்றிரவு நியூயார்க்கில் மோசமான வானிலை. கென்னடி விமான நிலையத்தில் இறங்க வரிசை நீண்டுகொண்டே போனது. ஏவியாங்காவை வழியில் மூன்று இடங்களில் வட்டமடிக்க வைத்தார்கள். மொத்தம் 77 நிமிடங்கள்! பஸ் என்றால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு நிற்கலாம். விமானம் நின்ற இடத்தில் நிற்க முடியுமா?

மூன்றாவது இடத்தில், இரவு 8.45 வாக்கில், துணை விமானி ரேடியோவில் "எங்களுக்கு பிரயாரிட்டி தேவை என்று நினைக்கிறேன்" என்றார். இன்னும் ஐந்து நிமிடம்தான் காத்திருக்க முடியும், மாற்று நிலையமான பாஸ்டனுக்கும் இனி போக முடியாது, எரிபொருள் தீர்ந்துவிடும் என்றும் சொன்னார். ஆனால் அடுத்த கட்டுப்பாட்டு அறைக்குப் போன் வழியே போய்ச் சேர்ந்தது "இது ஐந்து நிமிடம்தான் காத்திருக்குமாம்" என்ற துண்டு மட்டுமே. எரிபொருள் என்ற பேச்சே வழியில் உதிர்ந்துவிட்டது. அங்கிருந்தவர்களுக்கு ஏவியாங்கா பத்தோடு பதினொன்று.

9.23க்கு இறங்க முயன்றார்கள். காற்று அலைக்கழித்தது, ஓடுபாதை கண்ணில் படவில்லை, மறுபடி மேலே ஏறினார்கள். "எமர்ஜென்சி என்று சொல்" என்று கேப்டன் ஸ்பானிஷில் உத்தரவிட்டார். துணை விமானியோ, திரும்ப வேண்டிய திசையை வழக்கம்போல ஒப்பித்துவிட்டு, அதன் வாலில் "எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்று சேர்த்தார். பதில்: "ஓகே." சொல்லியாயிற்றா என்று கேப்டன் மறுபடி கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றார் துணை விமானி. அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

இதை ஆங்கிலம் தெரியாததால் வந்த வினை என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நீண்ட பயணத்தின் கடைசியில் இறங்கக் காத்திருக்கும் எந்த விமானத்திலும் எரிபொருள் தீர்ந்துகொண்டுதானே இருக்கும்? "மேடே", "எமர்ஜென்சி" என்ற சொற்கள் காதில் விழுந்திருந்தால் மற்ற விமானங்களை விலக்கி வழி விட்டிருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் கட்டுப்பாட்டாளரே, 15 மைல் தள்ளிக் கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது சரிதானா என்று கேட்டார். கடைசி வாய்ப்பு! "சரிதான் என்று நினைக்கிறேன், மிக்க நன்றி" என்றார் துணை விமானி. "அந்த ஆளுக்குக் கோபம்" என்று விமானப் பொறியாளர் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. கோபக்காரரிடம் குரலை உயர்த்தாத பணிவு... இதைவிடக் கொடுமை வேறில்லை.

9.32க்கு என்ஜின்கள் அடுத்தடுத்து அணைந்தன. இரண்டே நிமிடத்தில், லாங் ஐலண்டின் கோவ் நெக் கிராமத்து மலைச்சரிவில் விமானம் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, எரிய எதுவும் மிச்சமில்லை. 85 பேர் பிழைத்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மையாக விமானிகளைத்தான் குற்றம் சொன்னது. கூடவே, எரிபொருள் குறைவைத் தெரிவிக்க எல்லோருக்கும் புரியும் பொதுவான சொற்கள் இல்லாததையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் அப்படிப்பட்ட சொற்கள் இடம்பெற்றது 2012ல். இனி தாமதித்தால் ஆபத்தில் முடியலாம் என்றால் "மினிமம் ஃப்யூவல்". கடைசிக் கையிருப்பிலேயே கைவைக்க வேண்டிய நிலை என்றால் "மேடே, மேடே, மேடே, ஃப்யூவல்".