ரீனோவுக்கு முன்னால் ஒரு சாம்பியன்: ஜேம்ஸ் ஜெஃப்ரீஸின் இடம் எது?

1958-இல் 'தி ரிங்' இதழின் நிறுவனர் நாட் ஃபிளெய்ஷர், எல்லாக் காலத்துக்குமான ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களை வரிசைப்படுத்தினார். முதலிடம் ஜாக் ஜான்சனுக்கு, இரண்டாமிடம் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸுக்கு. ஜோ லூயிஸ் ஆறாவதாக நின்றார். தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற ராக்கி மார்சியானோவுக்குக் கிடைத்தது பத்தாமிடம். இன்றைக்கு யாராவது இப்படியொரு பட்டியல் போட்டால் சிரித்துவிடுவார்கள். முகமது அலி, லூயிஸ் என்று தொடங்கும் இக்காலப் பட்டியல்களில் ஜெஃப்ரீஸ் முதல் பத்துக்குள் வருவதே அரிது.

ஜெஃப்ரீஸ் 1953-இல் இறந்தார். அதற்குப் பிறகு அவருடைய வெற்றி தோல்விக் கணக்கில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் இரண்டாமிடத்திலிருந்து அவர் இத்தனை தூரம் சரிந்திருக்கிறார். அந்தச் சரிவு எப்படி நேர்ந்தது, அதில் எவ்வளவு நியாயம் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

ஒஹாயோ மாநிலத்தில் 1875-இல் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடியேறியவர் ஜெஃப்ரீஸ். பாய்லர் பட்டறையில் வேலை பார்த்தவர். 'பாய்லர்மேக்கர்' என்ற பட்டப்பெயர் அங்கிருந்து வந்தது. ஆறடிக்கு மேல் உயரம், நல்ல நிலையில் 100 கிலோவை ஒட்டிய எடை. இன்றைய ஹெவிவெயிட் களத்தில் இது நடுத்தர உடம்பு. அந்தக் காலத்தில் மலை. 1897-இல் நெவாடாவின் கார்சன் சிட்டியில், பாப் ஃபிட்ஸிம்மன்ஸுடன் மோதத் தயாராகிக்கொண்டிருந்த சாம்பியன் ஜிம் கார்பெட்டிடம் பயிற்சிக்கு அடி வாங்கும் ஆளாகச் சேர்ந்தார். அந்த மோதலில் ஃபிட்ஸிம்மன்ஸ் 14ஆம் சுற்றில் கார்பெட்டின் மேல்வயிற்றில் குத்திச் சாய்த்துப் பட்டத்தைப் பறித்தார். இரண்டே ஆண்டுகளில், 1899 ஜூன் 9 அன்று நியூயார்க்கின் கோனி ஐலண்டில், அதே ஃபிட்ஸிம்மன்ஸை 11ஆம் சுற்றில் வீழ்த்தி ஜெஃப்ரீஸ் உலக சாம்பியனானார். அப்போது அவருக்கு வயது 24. சண்டை அனுபவமும் சொற்பம்.

சொற்ப அனுபவம் என்பதால் வெறும் முரட்டுப் பலம் என்று எண்ணிவிடக் கூடாது. மிடில்வெயிட் வீரர் டாமி ரயன் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரு நிலை உண்டு: முழங்காலை மடித்து, உடம்பைக் குனித்து, இடக்கையை முன்னால் நீட்டி, தலையைத் தோளுக்குப் பின்னே பதுக்கிக்கொள்வது. நிமிர்ந்து நின்று ஆடிப் பழகிய எதிராளிக்கு அடிக்க இலக்கே கிடைக்காது. குனிந்த இடத்திலிருந்தே ஜெஃப்ரீஸின் இடக்கை சுழன்று விலாவுக்கோ தாடைக்கோ வரும். இத்தனை பெரிய உடம்பு இப்படிச் சுருண்டு ஆடியதை அதற்குமுன் பட்டக் களத்தில் பார்த்தவர் இல்லை.

அவருடைய காலத்தவர் அவரிடம் வியந்தது இரண்டு விஷயங்களை: அடி தாங்கும் திறன், கடைசிச் சுற்றுவரை குறையாத மூச்சு. அன்றைய பட்டச் சண்டை 20 அல்லது 25 சுற்றுக்கு ஒப்பந்தமாகும். இப்போதுள்ள 12 சுற்றுக்குப் பழகிய கண்ணுக்கு அது வேறொரு விளையாட்டாகவே தோன்றும். 1899 நவம்பரில் டாம் ஷார்க்கியுடன் நடந்த சண்டையைத் திரைப்படமாக எடுப்பதற்காக மேடைக்கு மேலே நூற்றுக்கணக்கான ஆர்க் விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வெக்கையில் இருவரும் 25 சுற்றும் ஆடி முடித்தார்கள். தீர்ப்பு ஜெஃப்ரீஸுக்குப் போனது. ஷார்க்கி விலா எலும்பு முறிந்து வெளியேறினார். ஷார்க்கிக்கு அப்போது 25, 26 வயதுதான். ஜெஃப்ரீஸ் வென்றவர்களெல்லாம் கிழவர்கள் என்போர் இந்த ஒரு பெயரை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

1900 மே மாதம் கார்பெட்டுடன் நடந்த சண்டை இன்னும் கவனிக்கத் தக்கது. 22 சுற்றுகள்வரை கார்பெட் தன் பழைய பயிற்சியாளைச் சுற்றிச் சுற்றி வந்து குத்தினார். புள்ளிக் கணக்கில் அவர் தெளிவாக முன்னிலையில் இருந்தார். இன்னும் மூன்று சுற்று நின்றிருந்தால் பட்டம் மீண்டும் அவர் கைக்கு வந்திருக்கும். 23ஆம் சுற்றில் கயிற்றில் சாய்ந்து திரும்பிய வேளையில் குட்டையான ஓர் இடக்கைக் குத்து அவர் தாடையில் விழுந்தது. அத்தோடு முடிந்தது. இந்தச் சண்டையை ஜெஃப்ரீஸின் பலத்துக்குச் சான்றாகவும் காட்டலாம், வேகமான ஆட்டக்காரர் முன் அவர் தடுமாறுவார் என்பதற்குச் சான்றாகவும் காட்டலாம். இரண்டும் உண்மை. பத்தாண்டு கழித்து ரீனோவில் ஜாக் ஜான்சனிடம் அவர் தோற்றதற்கான அறிகுறி இங்கேயே தெரிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

1902 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிட்ஸிம்மன்ஸ் மறுபடி வந்தார். 39 வயது, ஜெஃப்ரீஸைவிட ஏறக்குறைய 20 கிலோ குறைவு. ஆனாலும் முதல் ஏழு சுற்றுகளில் அவர் ஜெஃப்ரீஸின் மூக்கை உடைத்தார், கன்னத்தைக் கிழித்தார், முகத்தை ரத்தக்களறியாக்கினார். அந்த நிலையிலும் முன்னோக்கி நடந்துகொண்டே இருந்த ஜெஃப்ரீஸ் எட்டாம் சுற்றில் அவரைப் படுக்கவைத்தார். அன்று களத்தின் ஓரத்தில் இருந்தவர்கள் வாழ்நாள் முழுக்கப் பேசிய காட்சி இது. ஃபிளெய்ஷர் 1887-இல் பிறந்தவர். கிழக்குக் கடற்கரையில் வளர்ந்த அந்தப் பையனுக்கு அப்போது பதினைந்துகூட நிறையவில்லை. அவர் பட்டியலில் ஜெஃப்ரீஸுக்குக் கிடைத்த இரண்டாமிடத்தில் மூத்த தலைமுறையின் வாய்மொழிக்குக் கணிசமான பங்கு இருந்திருக்க வேண்டும்.

கணக்கைக் கறாராகப் பார்த்தால் என்ன மிஞ்சும்? ஏழு முறை பட்டத்தைக் காத்தார். அதில் 1900-இல் டெட்ராய்ட்டில் ஒரு நிமிடத்துக்குள் விழுந்த ஜாக் ஃபின்னெகனும், 1904-இல் இரண்டே சுற்றில் வீழ்ந்த சுரங்கத் தொழிலாளி ஜாக் மன்ரோவும் கணக்கில் சேர்க்கத் தகுதியற்றவர்கள். 1898-இல் அவர் மூன்றே சுற்றில் வென்ற பீட்டர் ஜாக்சன் மாபெரும் கறுப்பின வீரர்தான். ஆனால் ஜெஃப்ரீஸிடம் வந்தபோது உடல் தளர்ந்து போயிருந்தார், மூன்றாண்டில் காசநோயில் இறந்தும் போனார். 1903-இல் இரண்டாம் முறை தோற்ற கார்பெட்டுக்கு வயது 36. மற்றபடி கஸ் ரூலின், ஷார்க்கி, இருமுறை ஃபிட்ஸிம்மன்ஸ், முதல்முறை கார்பெட். பெயர்கள் பெரியவை. ஆனால் அவர்களில் ஃபிட்ஸிம்மன்ஸ் இன்றைய எடைப் பிரிவுப்படி ஹெவிவெயிட்டே அல்லர். ஷார்க்கியும் 85 கிலோவைத் தொடாதவர். தன் எடைக்கு நிகரான, தன் வயதொத்த, முதல் தர எதிராளியை ஜெஃப்ரீஸ் சாம்பியனாக இருந்த ஆண்டுகளில் சந்திக்கவே இல்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

1905 மே மாதம், தோல்வி காணாத சாம்பியனாகவே ஓய்வுபெற்றார். ஹெவிவெயிட் பட்டத்தை அப்படி விட்டுச்சென்ற முதல் ஆள் அவர்தான். கலிஃபோர்னியாவில் பண்ணை வைத்தார். உடம்பு பெருத்து 135 கிலோவைத் தொட்டது. 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளை அமெரிக்காவுக்கு அது பொறுக்கவில்லை. எழுத்தாளர் ஜாக் லண்டன், ஜெஃப்ரீஸ் பண்ணையை விட்டு வந்து ஜான்சனை வீழ்த்த வேண்டும் என்று பத்திரிகையிலேயே எழுதினார். பணமும் பேசியது. 30 கிலோவுக்கு மேல் குறைத்துக்கொண்டு, ஆறாண்டு இடைவெளிக்குப் பிறகு, 35 வயதில் ஜெஃப்ரீஸ் 1910 ஜூலை 4 அன்று நெவாடாவின் ரீனோவில் மேடையேறினார். அவர் மூலையில் கார்பெட். ஜான்சனின் மூலையிலோ, ஒரு காலத்தில் ஜெஃப்ரீஸையே பயிற்றுவித்த பில்லி டெலானி. 15ஆம் சுற்றில், வாழ்நாளில் முதல்முறையாகத் தரையில் விழுந்தார் ஜெஃப்ரீஸ். எழுந்தார், மறுபடி விழுந்தார். அவர் தரப்பே உள்ளே புகுந்து சண்டையை நிறுத்தியது. அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள்மீது வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன; பலர் கொல்லப்பட்டார்கள்.

ஜெஃப்ரீஸின் வரலாற்று மதிப்பைக் கெடுத்தது இந்தத் தோல்வி மட்டுமல்ல, அது படமாக்கப்பட்ட விதமும்தான். சண்டை முழுவதும் தெளிவாகப் படம் பிடிக்கப்பட்டது. பல நகரங்கள் அதைத் திரையிடத் தடை போட்டன. 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதற்கே கூட்டரசு தடைச் சட்டம் இயற்றியது. அப்படியும் படம் பிழைத்தது. 2005-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. அவருடைய நல்ல காலத்தை இந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டும் படம் நம்மிடம் இல்லை. நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்தவரை அவர்களுடைய சாட்சியம் ரீனோவைச் சமன் செய்தது. அவர்கள் மறைந்தபின் எஞ்சிய ஒரே தெளிவான காட்சி, கால் நகராமல் ஜான்சனின் தோளில் சாய்ந்து நிற்கும் தளர்ந்த ஒரு மனிதர். பிற்காலப் பட்டியல்காரர்கள் அந்த மனிதரைத்தான் மதிப்பிட்டார்கள்.

நடுவே ஒரு வேடிக்கையும் நடந்தது. 1967-இல் முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், பழைய சாம்பியன்களின் விவரங்களை என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டரில் ஏற்றிக் கற்பனைப் போட்டி நடத்தினார். அதில் முகமது அலியை ஜெஃப்ரீஸ் வென்றார்! அலி சும்மா விடவில்லை. பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். அந்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின் விளைவாகவே அலியும் மார்சியானோவும் மோதுவதாக ஒரு படம் தயாராகி 1970-இல் வெளிவந்தது. கம்ப்யூட்டர் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அதற்கு ஊட்டப்பட்டது அன்றைய நிபுணர்களின் மதிப்பீடு; அவர்களோ ஃபிளெய்ஷர் தலைமுறையின் மாணவர்கள்.

ரீனோவை வைத்து ஜெஃப்ரீஸைத் தள்ளுவது எனக்கு ஏற்பில்லை. தளர்ந்து திரும்பி வந்த லூயிஸ் 1951-இல் மார்சியானோவிடம் வாங்கிய அடியை யாரும் லூயிஸின் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் 1902 முதல் 1905 வரை நடந்ததை எழுதியே ஆக வேண்டும். சாம்பியன் ஆகும்முன் கறுப்பின வீரர்களோடு தயக்கமின்றி மோதிய ஜெஃப்ரீஸ், பட்டம் கைக்கு வந்ததும் அதை அவர்களுக்கு எதிராகப் பணயம் வைக்க மாட்டேன் என்று நிறக்கோடு கிழித்தார். ஜான்சன் 1902-இல் ஜெஃப்ரீஸின் தம்பி ஜாக்கையே லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். 1903 பிப்ரவரியில் கறுப்பின வீரர்களுக்கென்றிருந்த தனி ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 1904 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் சாம் மெக்வேயை 20ஆம் சுற்றில் நாக்-அவுட் செய்தார். நான்கே மாதத்தில் அதே ஊரில் சாம்பியன் மேடையேறினார். எதிரே நின்றவர் சுரங்கத் தொழிலாளி மன்ரோ.

இதற்கு ஜெஃப்ரீஸ் தரப்பில் ஒரு பதில் உண்டு. 1905 மார்ச்சில் ஜான்சன், மார்வின் ஹார்ட்டிடம் தீர்ப்பில் தோற்றார். அப்போதைய ஜான்சன் ஐந்தாண்டுக்குப் பிந்தைய ஜான்சன் அல்லர். அன்று மோதியிருந்தால் ஜெஃப்ரீஸே வென்றிருக்கலாம். இருக்கலாம்தான், நானும் அப்படியே நினைக்கிறேன். 1904-இன் ஜெஃப்ரீஸ் அந்த ஜான்சனை 20 சுற்றுக்குள் சோர்வடையச் செய்திருப்பார். அதனாலேயே அவர் இழந்தது பெரிது. அந்த ஒரு வெற்றி கணக்கில் இருந்திருந்தால் ஃபிளெய்ஷரின் இரண்டாமிடத்தை இன்றைக்கும் வாதாடிக் காப்பாற்ற முடியும். தன் கைக்கு எட்டிய மிகச் சிறந்த எதிராளியைத் தானே விலக்கிவைத்தவருக்கு, வெல்லாத சண்டைக்கான மதிப்பெண்ணை வரலாற்றாசிரியன் இனாமாகப் போட முடியாது.

ஆகவே ஜான்சன், ஜாக் டெம்ப்சி, லூயிஸ், மார்சியானோ ஆகியோருக்குக் கீழே, கார்பெட்டுக்கும் ஷார்க்கிக்கும் மேலே, பன்னிரண்டாம் இடத்தை ஒட்டி அவரை வைக்கிறேன். ஃபிட்ஸிம்மன்ஸை எடைப் பிரிவு பாராமல் மதிப்பிட்டால் அவர் ஜெஃப்ரீஸுக்கு மேலே போவார். ஹெவிவெயிட்டாக மட்டும் பார்த்தால் கீழே. கறுப்பின வீரர் சாம் லாங்ஃபோர்டைப் பற்றித்தான் எனக்கு நீண்ட தயக்கம். ஜெஃப்ரீஸ் கிழித்த கோட்டையே ஜான்சனும் பிறகு கிழித்து, சாம்பியனான பின் லாங்ஃபோர்டுக்குப் பட்ட வாய்ப்பு தரவில்லை. உலகப் பட்டமே இல்லாத அந்த மனிதரை ஃபிளெய்ஷர் ஏழாவதாக வைத்தார். நான் அவரை ஜெஃப்ரீஸுக்கு மேலே வைக்கிறேன்.