குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் (மாடு)

மாட்டின் குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்பது மைட்டோகாண்டிரியாவில் காணப்படும் ஒரு வளர்சிதைமாற்ற நொதி ஆகும். இது குளூட்டமேட் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவைப் பிரித்து, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டைத் தருகிறது. இவ்வினை எதிர்த்திசையிலும் நிகழும்.

அமைப்பு

இந்நொதி ஆறு ஒத்த துணையலகுகளால் ஆனது. ஜி.டி.பி. இதன் செயலைத் தடுக்கிறது, ஏ.டி.பி., லியூசின் ஆகியன தூண்டுகின்றன. மனிதரில் மரபணுத் திடீர்மாற்றத்தால் ஜி.டி.பி.யின் தடை தளர்ந்தால், இன்சுலின் மிகுதியாகச் சுரந்து குழந்தைகளின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும். இக்காரணம் 1998 இல் அறியப்பட்டது.

தயாரிப்பு

தொடக்கத்தில் இது மாட்டின் கல்லீரலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அம்முறையில் பிற நொதிகளும் கலந்துவரக்கூடும். மறுசேர்க்கை முறையில், மாட்டின் மரபணுவை எசரிக்கியா கோலை பாக்டீரியாவில் புகுத்தி நொதியைப் பெறலாம். இதற்கு விலங்குத் திசு தேவையில்லை. மேலும், குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி அதன் பங்கினை ஆராயலாம்.

பயன்பாடு

சிறுநீரக நலனை அறிய உதவும் இரத்த யூரியா சோதனையில் குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் பயன்படுகிறது. யூரியேஸ் நொதி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளியிடும். அதனை இந்நொதி குளூட்டமேட்டாக மாற்றும்போது என்.ஏ.டி.எச். செலவாகிறது. 340 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலில் ஏற்படும் குறைவைக் கொண்டு யூரியாவின் அளவு கணிக்கப்படுகிறது. நொதிக் கரைசலில் அம்மோனியம் உப்பு கலந்திருந்தால் முடிவு பிழையாகும். எனவே இச்சோதனைக்கான நொதி கிளிசரால் கரைசலில் வைக்கப்படுகிறது.