மானிப்பாயில் மகப்பேற்று மருத்துவக் கல்வி: சாமுவேல் கிறீனின் தமிழ்ப் பாடநூல் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்தில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் பணி, பெரும்பாலும் அறிவியற்றமிழ் வரலாற்றின் ஓர் அங்கமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகளில் அவர் பெயர் தவறாது இடம்பெறுகின்றது. எனினும், எந்நூலை அவர் எப்பொழுது தமிழில் வெளியிட்டார் என்னும் வரிசையை நோக்கின், மொழியார்வத்துக்கு அப்பாற்பட்ட வேறொரு தேவையும் புலனாகின்றது. கிராமத்திலே தனித்து நின்று குடும்பங்களின் எல்லா நோய்களையும் பார்க்கவேண்டிய மருத்துவர், மகப்பேற்றின் நெருக்கடியை எதிர்கொள்ள எவ்வாறு பயிற்றப்படவேண்டும் என்பதே அத்தேவையாகும்.

1822 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த கிறீன், நியூயோர்க் மருத்துவக் கல்லூரி ஒன்றில் 1845 இல் பட்டம் பெற்று, 1847 இல் அமெரிக்க மிசன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அவ்வாண்டு மகப்பேற்று மருத்துவ வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. மருத்துவர் குளோரின் கலந்த நீரிற் கைகழுவினால் பிரசவக் காய்ச்சலால் நேரும் இறப்புக் குறைவதை வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டார். எடின்பரோவில் சிம்சன் பேற்றுநோவைத் தணிக்கக் குளோரபோமைப் பயன்படுத்தினார். ஒருமுறை கற்றது வாழ்நாள் முழுவதற்கும் போதுமென்னும் நிலை இத்துறையில் மறையத் தொடங்கிய காலம் அது.

1848 இல் கிறீன் மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். முதலிற் பயிற்றுமொழி ஆங்கிலம். தமிழ்வழி வகுப்புகள் 1860-களிலேயே தொடங்கின. ஆயினும், தமிழ் நூல்கள் அதற்கு முன்னரே வரலாயின. உடற்கூற்றையும் உடற்றொழிலையும் அறிமுகப்படுத்தும் நூலையடுத்து, 1857 இல் ‘பிரசவ வைத்தியம்’ வெளிவந்தது. டப்ளின் மருத்துவர் என்றி மோன்செல் 1834 இல் வெளியிட்ட மகப்பேற்று நூலின் தமிழாக்கம் இது. மூலநூலின் அமெரிக்கப் பதிப்பைக் குறிப்புகளுடன் வெளியிட்ட சான்ட்லர் கில்மன், கிறீன் பட்டம் பெற்ற கல்லூரியிலேயே மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். ‘இரணவைத்தியம்’ 1867 இலும், விரிவான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலுமே வந்தன. அறுவை மருத்துவத்துக்குப் பத்தாண்டு முன்னரே மகப்பேறு இடம்பெற்றது என்பது கருதத்தக்கது.

இம்முதன்மைக்குரிய காரணத்தை அக்காலப் பேற்றின் சூழலிற் காணலாம். பேறு வீட்டிலேயே நிகழ்ந்தது. அதனைப் பார்த்தவள் மருத்துவிச்சி. அவளுடைய கைப்பழக்கத்துக்கு அப்பாற்பட்ட இடர் நேர்ந்தபொழுதே ஆண் வைத்தியர் அழைக்கப்பட்டார். குழந்தை குறுக்கே கிடத்தல், நச்சுக்கொடி விழாமை, பேற்றுக்குப் பின் உதிரம் பெருகுதல் போன்றவை காத்திருக்க இடந்தராதவை. எப்பொழுது பொறுத்திருக்கவேண்டும், எப்பொழுது கையிடவேண்டும் என்பதை மருத்துவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ முதலிய யாழ்ப்பாண வைத்திய நூல்கள் மனப்பாடத்துக்கு ஏற்ற செய்யுள் வடிவின. செய்முறையைப் படிப்படியாக விளக்கும் உரைநடைப் பாடநூல் வேறுவகையான கருவியாக அமைந்தது.

தமிழைத் தேர்ந்தமைக்கும் நடைமுறைக் காரணம் இருந்தது. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு நீங்குவர் என்பதைக் கிறீன் உணர்ந்திருந்தார். தமிழிற் பயின்றவர் தம் மக்களிடையே தங்கித் தொழில் செய்வர் என்பது அவர் எதிர்பார்ப்பு. கலைச்சொற்களுக்குத் தமிழையும் வடமொழியையும் முதலில் நாடி, அவை உதவாவிடத்தே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்துக்கொண்டார். ‘சுகரணம்’, ‘கெமிஸ்தம்’ ஆகியன இவ்விருவகைக்கும் சான்றுகள். மகப்பேற்றில் இம்மொழிக்கொள்கையின் பயன் வகுப்பறைக்கு வெளியிலும் உண்டு. அங்கே மருத்துவர் தனித்து இயங்குவதில்லை. மருத்துவிச்சி கண்டதைக் கேட்டறிந்து, தாயின் உற்றாருக்கு இடரை விளக்கி, அவர்தம் இசைவைப் பெற்ற பின்னரே அவர் செயற்பட இயலும். அவ்வுரையாடல் முழுவதும் தமிழிலேயே நிகழ்ந்தது.

இப்பயிற்சிக்கு எல்லைகளும் இருந்தன. கிறீன் உருவாக்கிய மருத்துவர் 60 பேருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் பயின்றோர். மாணவரோ அனைவரும் ஆடவர். பேற்றறைக்குள் அந்நிய ஆடவரை ஏற்கத் தயங்கிய சமூகத்தில், நூல் எத்துணைச் சிறந்ததாயினும் அத்தயக்கத்தை அதனால் நீக்க இயலாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை எழுந்தது 1898 இலேயே. இதற்கிடையே 1870 இல் ஆங்கிலவழிக் கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றியது. 1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் 1884 இல் மறையும்வரை தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தாராயினும், தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை.

கிறீன் எதிர்கொண்ட சிக்கல் அவரோடு முடிந்துவிடவில்லை. அவர் பிறந்த நாட்டிலேயே, 1991 இல் விஸ்கொன்சின் மாநிலக் குடும்ப மருத்துவர், மகப்பேற்று நெருக்கடிகளுக்கான மேற்பயிற்சி ஒன்றை வகுத்தனர். மருத்துவரும் தாதியரும் மருத்துவிச்சியரும் ஒருங்கே பயிலும் அம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. நாள்தோறும் காணாத இடரை, அது நேரும்முன்னரே பழகிக்கொள்ளுதல் அதன் அடிப்படை. மானிப்பாய் மாணவருக்கும் அதுவே தேவையாயிருந்தது. அவர்களுக்கு வாய்த்தது பாடநூலும் ஓர் ஆசிரியருமே. ஆயினும், பயிற்சியின் மொழியும் பேற்றறையின் மொழியும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதைப் ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலேயே செயலிற் காட்டியது. தமிழ்த் தாயர் தம் மொழி அறியாத மருத்துவரிடம் பிள்ளை பெறும் புலம்பெயர் நாடுகளில், அந்நூலை மருத்துவக் கல்வி வரலாற்றின் ஆவணமாகவும் மீண்டும் பயிலுதல் தகும்.