மண்ணின் வெப்பமும் மறைந்த கல்லறைகளும்

மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக் குகைக்கோயிலுக்குச் சிறிது தொலைவில், இப்பன்கட்டுவ என்னும் இடம் உளது. பௌத்தம் இலங்கைக்கு வருமுன்னர் அங்கு வாழ்ந்த மக்கள், இறந்தோரின் சாம்பலையும் எரிந்த எலும்புகளையும் தாழிகளிலும் கல்லறைகளிலும் இட்டுப் புதைத்தனர். நாற்புறமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். கற்பதுக்கை என்று தமிழில் வழங்குவது இதுவே. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றிக் கேட்டறிந்த நேயர்களுக்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது. இதன் காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 400 வரை என்பர். 1980களில் நடந்த அகழ்வுகளில் சூதுபவள மணிகளும் வெளிப்பட்டன. கடல் கடந்த வாணிகத்துக்கு அவை சான்று.

ஒரு கல்லறையை ஒருமுறைதான் அகழலாம். சாம்பல் கிடந்த நிலையையும் தாழி சாய்ந்திருந்த முறையையும் கலைத்த பின் மீட்க இயலாது. புதையல் தேடுவோர் இரவில் தோண்டிப் பாழாக்குவது இன்னும் கொடிது. மண்வெட்டி படுமுன்பே உள்ளிருப்பதை அறிய வழியுண்டா?

உண்டு. 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், அது ஏறியது. அக்கதிர்களே இன்று நிலத்தின் வெப்பத்தைப் படமாகக் காட்டுகின்றன. உலர்ந்த மண்ணைவிடக் கல் வெப்பத்தை எளிதில் கடத்தும். ஆதலின் மூடுகல்லின் மேலுள்ள மண் பகலில் சற்றே குளிர்ந்திருக்கும். இரவில், கல் வாங்கி வைத்த வெப்பம் மீள்வதால், சற்றே வெதுவெதுப்பாயிருக்கும். உள்ளே வெற்றிடம் இருப்பின் நிகழ்வது நேர்மாறு. காலையிலும் மாலையிலும் ஒரு வேளையில் இவ்வேற்றுமை முற்றும் மறைந்துவிடும்; அவ்வேளையில் அளப்பவர் ஒன்றையும் காணார்!

2013 இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், புளூ ஜே என்னும் பழங்குடியிருப்பின் மேல் ஆளில்லா விமானத்தில் வெப்பப்படக் கருவியைப் பறக்கவிட்டு, ஜெசி கசானா குழுவினர் புதைந்த சுவர்களைக் கண்டனர். அது வறண்ட நிலம். மாத்தளையின் வடபகுதியும் வறண்ட வலயமே எனினும், வடகீழ்ப் பருவமழையில் நனைந்த மண்ணும் அடர்ந்த புதரும் குறிகளை மறைத்துவிடும். ஆழமும் தடையாகும். ஒரு நாள் வெயிலின் ஏற்றத்தாழ்வு அரை மீற்றருக்குக் கீழே ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. ஓராண்டின் வெப்பமாற்றமோ பல மீற்றர் இறங்கும். ஆழத்தில் கிடக்கும் தாழியைத் தேடுவோர் கோடையும் மாரியும் மாறிமாறி அளக்கவேண்டும்.

இயற்கைப் பாறையும் கற்பதுக்கையைப் போன்றே வெப்பம் காட்டும். ஆயின் பாறைக்கு ஒழுங்கில்லை. பதுக்கைக்கு நான்கு மூலைகள் உண்டு.