ஹெட்லைட் அணைத்து ஓடிய லாரிகள்

ஸ்ரீநகர்ல இருந்து லே போற பைக் ட்ரிப்ல, ட்ராஸ் தாண்டினதும் ரோட்டோரமா கார்கில் போர் நினைவிடம் வரும். முக்கால்வாசிப் பேர் இறங்கி ஒரு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. நாங்க அதுக்குக் கொஞ்சம் தள்ளி கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கினோம். ஜூலை மாசம்தான், ஆனா ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் பல்லு தந்தியடிச்சது.

தூக்கம் வராததுக்குக் குளிர் மட்டும் காரணமில்லை. விடிய விடிய லாரிகள். கூடாரத் துணியில ஹெட்லைட் வெளிச்சம் ஏறி இறங்கிக்கிட்டே இருந்தது. 1999 கோடையில இதே ரோட்டுல லாரிகள் ராத்திரியில, ஹெட்லைட்டை அணைச்சுட்டு ஓடின.

ஏன்னு தெரிய, வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாலே போதும். நினைவிடத்துக்குப் பின்னாடி நிக்கிற மலைதான் டோலோலிங். மேல உட்கார்ந்தவனுக்கு இந்த ரோடு உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். குளிர்காலத்துல ரெண்டு நாட்டு ராணுவமும் பல உச்சிகளைக் காலி செய்துவிட்டு இறங்குவது வழக்கம். அந்த வருஷம் பாகிஸ்தான் படைகள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, அந்தக் காலி உச்சிகள்ல உட்கார்ந்துட்டாங்க. மே மாசம் படாலிக் பக்கம் மேய்ப்பர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிஞ்சது. அதுக்குள்ள மேல இருந்து குறி சொல்லச் சொல்ல, பீரங்கிக் குண்டு சரியா ரோட்டுல விழ ஆரம்பிச்சது.

லே, சியாச்சின் வரைக்கும் ராணுவத்துக்கு அரிசி, டீசல் எல்லாம் போன முக்கியமான வழி இது. சோஜிலா கணவாய் பனியில மூடிடும்ங்கறதால, வருஷத்துச் சரக்கைக் கோடைக்குள்ள ஏத்தியாகணும். மணாலி வழியா இன்னொரு ரோடு உண்டு. அது இன்னும் நீளம், இன்னும் உயரம். கார்கில்னா நமக்கு டைகர் ஹில்தான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டா, இது ஒரு ரோட்டுக்காக நடந்த சண்டை. டோலோலிங் ஜூன் 13-ல மீண்டது, டைகர் ஹில் ஜூலை 4-ல. சண்டை முடிஞ்சது ஜூலை 26-ல. நம்ம பக்கம் 527 பேர் இறந்தாங்க.

முந்தின நாள் சாயங்காலம் நினைவிடச் சுவர்ல ஒரு பேரைத் தேடினோம்: மேஜர் சரவணன், நம்ம திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்ட். அவர் இறந்தது ட்ராஸ்ல இல்லை, படாலிக்ல. மே 29, போரின் ஆரம்ப நாட்கள். வயசு 26. உச்சி எதிரி கையிலேயே இருந்ததால, அவர் உடல் ஒரு மாசத்துக்கு மேல மலையிலேயே கிடந்தது. திருச்சி கன்டோன்மென்ட்ல அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கு. பஸ்ல போறப்ப பார்த்திருப்பீங்க.

காலையில டீ கொடுத்த ட்ராஸ்காரர்கிட்ட லாரிச் சத்தத்தைப் பத்திக் குறைப்பட்டுக்கிட்டேன். சிரிச்சார். “லாரி வரலைன்னாதான் எங்களுக்குத் தூக்கம் வராது, சோஜிலா மூடிடுச்சோன்னு” என்றார். அப்புறம், “சீக்கிரம் கிளம்புங்க, ராணுவக் கான்வாய் முன்னாடி போயிட்டா கார்கில் போய்ச் சேர மத்தியானம் ஆயிடும்.”