அடைக்கப்பட்ட மைதானம்

1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் கால்பந்தாட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 ஜனங்கள் திரண்டிருந்தும், மறு வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு ஸ்திரீகளுக்கு உகந்ததன்று என்று தீர்மானித்து, தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு அடைத்துவிட்டது. தேக நலனே காரணமென்றார்கள்; வசூலான பணத்தின் மீதிருந்த கண்ணும் ஒரு காரணமென்றே எனக்குப் படுகிறது. அரை நூற்றாண்டுக் காலம் நிலைத்த தடை அது.

நம் பக்கத்தில் அப்படியொரு சாஸனம் எழுதப்படவில்லை. எழுதவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அத்தகைய சூழலில், மதுரையைச் சார்ந்த சேது கால்பந்துக் கழகத்தின் பெண்கள், அமிர்தா அரவிந்த் என்னும் பெண் பயிற்சியாளரின் கீழ், 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கைக்கொண்டது சாமானியமான காரியமன்று.

ஆயினும், மதுரையை அடுத்த நாகமலையின் அடிவாரத்திலுள்ள புதுக்கோட்டைச் சிறுமி ஒருத்திக்குக் கோப்பையைவிட முதலில் வேண்டியவை, உடைமாற்ற ஒரு மறைவிடம், பையன்கள் விட்டுக்கொடுக்கும் ஒரு மணி நேரம், இருட்டுமுன் வீடு சேர்க்கும் டவுன் பஸ்.