அந்தலூஸ்: ஒரு பெயரின் வேரைத் தேடி



"உஸ்தாத், அந்தலூஸ் என்பதற்கு அரபியில் என்ன பொருள்?" என்று வரலாற்றுப் பாடத்தின்போது ஒரு மாணவர் வினவினார். எச்சொல்லைக் கண்டாலும் அதன் மூவெழுத்து வேரைத் தேடுமாறு அவர்களைப் பழக்கியவன் நானே. ஆயினும் இச்சொல்லுக்கு அரபியில் வேர் இல்லை. அதன் முன் நிற்கும் 'அல்' மட்டுமே அரபி.

இப்பெயருக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று ஒரு பொற்காசு. முஸ்லிம்கள் ஸ்பெயினில் கால்வைத்தது கி.பி. 711இல். அதன்பின் ஹிஜ்ரி 98இல் அடிக்கப்பட்ட தீனாரில் ஒரு புறம் இலத்தீன், மறுபுறம் அரபி. இலத்தீனில் 'ஸ்பானியா' என்பதன் சுருக்கம் உள்ளது. அரபியில் அதே நாட்டுக்கு 'அல்அந்தலூஸ்' என்று உள்ளது.

வாண்டல்கள் என்னும் ஜெர்மானியக் குலத்தாரின் பெயரே இவ்வாறு திரிந்தது எனப் பல நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அவர்கள் 429இலேயே ஸ்பெயினை விட்டு வட ஆப்பிரிக்காவுக்குக் கடந்துவிட்டனர். ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்குப் பின் வந்தோர் அந்நாட்டை ஏன் அவர்கள் பெயரால் அழைக்க வேண்டும்? ஹைன்ஸ் ஹால்ம் என்னும் ஜெர்மானிய அறிஞர், கோத்தியர் பங்கிட்டுக்கொண்ட நிலத்தைக் குறித்த சொல்லே மூலம் என 1989இல் எழுதினார். அச்சொல்லும் ஊகித்து அமைக்கப்பட்டதே.

நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் யாஃபிதின் வழித்தோன்றலான அந்தலூஸ் என்பவரால் இப்பெயர் வந்ததெனப் பழைய அரபி வரலாற்றாசிரியர் சிலர் எழுதினர். நபியின் பெயர் இருப்பதால் மாணவர்கள் இதை மார்க்கச் செய்தியாகவே கொண்டுவிடுகின்றனர். குர்ஆனில் இது இல்லை. இதை மறுப்பதால் ஈமானுக்கு எக்குறையும் நேராது.

பெயரின் எல்லையும் நிலைத்து நிற்கவில்லை. தொடக்கத்தில் இன்றைய போர்ச்சுகல் உட்பட ஏறத்தாழத் தீபகற்பம் முழுவதையும் குறித்தது. 1085இல் தொலேதோ, 1236இல் குர்துபா, 1248இல் இஷ்பீலியா என நகரங்கள் கைமாறக் கைமாற அதுவும் சுருங்கியது. கஸ்தீலியர் தாம் வென்ற தென்னிலத்தை 'அந்தலூசியா' என்றனர். ஆகவே, 1492வரை முஸ்லிம் ஆட்சி நீடித்த கிரனாடா, அவர்களது வழக்கில் அந்தலூசியாவுக்கு வெளியே இருந்தது! இன்று அது எட்டு மாகாணங்கள் கொண்ட அந்தலூசியாவில் ஒன்று.

"அப்படியானால் அங்கே அரபிப் பெயரே இல்லையா?" என்றார் மாணவர். குர்துபாவையும் இஷ்பீலியாவையும் தழுவி ஓடும் குவாதல்கிவீர் ஆற்றின் பெயரைப் பலகையில் எழுதினேன். இருமுறை வாய்விட்டுப் படித்தவர், "வாதில் கபீர்! பெரிய ஆறு!" என்றார்.